மலாக்காவில் சமையலறை இல்லாத வீடு

மாசாய் மகேஸ்வரன் தன் வாழ்நாளில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தூங்கியவரில்லை. இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அது ஒரு கொள்கை. மலேசியத் தீபகற்பத்தின் வரைபடத்தை விரித்து வைத்தால் நமக்கு ஊர்கள் தெரியும். அவருக்கு மெத்தைகள் தெரியும். ஈப்போ என்றால் அண்ணியின் தம்பி வீட்டு மாடி அறை; காற்றாடி முனகும். சிகாமாட் என்றால் மாமா வீட்டு சோபா. கால் நீட்ட முடியாது. குவாந்தானில் உறவினர் எவரும் இல்லாததால் அவர் குவாந்தானுக்கே போனதில்லை. அப்படி ஓர் ஊர் எதற்காக இருக்கிறது என்று அவருக்கு லேசான சந்தேகமும் உண்டு.

பெக்கோக் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மீசை அரும்பிய வயதில் வேலை தேடி ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாய்க்கு வந்தவர். வந்த அன்று சித்தப்பாவின் பிளாட்டில், ஏற்கெனவே ஒரு குடும்பமும் அதன் தாயாதிகளும் படுத்திருந்த கூடத்தில், சுவரோரமாக ஒரு பாய் அகலத்துக்கு இடம் கிடைத்தது. இப்போது பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். சொந்தமாக, வரிசையில் ஒட்டிக் கட்டிய ஒரு டெரஸ் வீடும் உண்டு. அந்தப் பாய் அகலத்தை அவர் மறக்கவில்லை. வீடு வாங்கிய கையோடு அதன் கூடத்தை உறவினர் உலகத்துக்கு அர்ப்பணித்துவிட்டார். சிங்கப்பூருக்கு வேலை கேட்டுப் போகிறவர்கள், விமானம் ஏறப் போகிறவர்கள், அங்கே மிருகக்காட்சிச் சாலையில் கரடியைப் பார்த்தே தீருவோம் என்று கிளம்பியவர்கள் எல்லாரும் முதல் நாள் அங்கே வந்து படுப்பார்கள். சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் வருவதற்குள் போக வேண்டும் என்று கோழி கூவுமுன் எழுந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் எழுந்து, “பசியாறிட்டுப் போங்க” என்று தோசைக் கல்லோடு நிற்பவர் கஸ்தூரி. மகேஸ்வரனின் மனைவி. கொள்கை அவருடையது, தோசை இவருடையது.

இந்த விஷயத்தில் நம் ஆட்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஓர் ஊரில் சொந்தக்காரர் இருக்க, அங்கே போய் ஓட்டலில் தங்குவது, அந்தச் சொந்தக்காரர் காலமாகிவிட்டார் என்று ஊருக்கு அறிவிப்பதற்குச் சமம். “நாங்க செத்தா போயிட்டோம்?” என்ற கேள்வி அடுத்த பத்துக் கல்யாணங்களிலும் கேட்கப்படும். ரூபேந்திரன் என்று ஒரு பங்காளி. ஒரு சாவுக்குப் போன இடத்தில் வயிறு கலங்கி, ஒரே ஒரு மதியம் ஓட்டலில் அறை எடுத்துவிட்டான். இன்றுவரை அவன் பெயர் ‘ஓட்டல்’ ரூபேந்திரன். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படிப் போட்டால்தான் ஆள் தெரியும்.

இப்படிப்பட்ட மகேஸ்வரனிடம்தான், கல்யாணமாகி வெள்ளி விழா வரப்போகும் நேரத்தில், கஸ்தூரி சட்டத் திருத்தம் கொண்டு வந்தார்.

“மலாக்கா போவோம்” என்றார்.

“போலாம். கனகராஜ் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுடறேன்.”

“அண்ணன் வீட்டுக்கு இல்ல. மலாக்காவுக்கு.”

மகேஸ்வரனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் புரியவில்லை. கனகராஜ் அவருடைய பெரியப்பா மகன். நகராண்மைக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீடுதான் மலாக்கா. மற்றதெல்லாம் அந்த வீட்டைச் சுற்றியிருக்கும் இடம்.

கஸ்தூரி விளக்கினார். கல்யாணமான நாளிலிருந்து மலாக்காவுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். அந்தச் சரித்திரப் புகழ் பெற்ற நகரத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்தது கனகராஜின் மனைவி செல்லம் அண்ணி வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மைனாக் கூண்டு. மைனா ‘செலாமாட் பாகி’ என்று மலாயில் காலை வணக்கம் சொல்லும். அவ்வளவுதான் மலாக்கா. “நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்” என்று அண்ணி சொல்வார். அதைக் கேட்டு உட்கார்ந்துவிட்ட பெண்ணின் பெயர் பினாங்கு வரை நாறும் என்பதால், கஸ்தூரி எழுந்து வெங்காயத்தை எடுத்துக்கொள்வார். கூடத்தில் ஆண்கள் கால்பந்து பேசுவார்கள். வெங்காயம் முடியும்போது ஊருக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும்.

“பேக்டரியில என்கூட வேலை பாக்கற மலாய்க்காரப் பொண்ணு கேக்கறா, ஆத்துல படகு விடறாங்களே, போனீங்களான்னு. நான் என்னத்தச் சொல்ல. அண்ணி வீட்டுத் தொட்டி அடைச்சிக்கிட்டா அதுவும் ஆறு மாதிரிதான் இருக்கும்னு சொன்னேன்.”

மகேஸ்வரன் சிரித்தார். கஸ்தூரி சிரிக்கவில்லை.

“எனக்குத் தோடு வேணாம், சேலை வேணாம். ஒரு நாள், யார் வீட்டு அடுப்பு மூஞ்சிலயும் முழிக்காம, அந்த ஊருல தங்கணும். அது போதும்.”

யோசித்துப் பார்த்தால் கஸ்தூரியின் பக்கம் சரித்திரமே நிற்கிறது. மலாக்காவைத் தொடங்கிய இளவரசன் முதலில் நம் மூவாரில் தங்கிப் பார்த்து, அங்கே வீச்சம் தாங்காமல் மேலே போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான் என்பார்கள். எந்தச் சித்தப்பாவிடமும் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், வெள்ளைக்காரர் வந்தார்கள். தங்கும் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பிடிக்காவிட்டால் இடித்துவிட்டு வேறு கட்டிக்கொண்டார்கள். அந்த ஊருக்கு வந்து வெங்காயம் அரிந்தவர், பதிவாகியிருக்கும் வரலாற்றில், கஸ்தூரி ஒருவர்தான்.

கடைசியில் மகேஸ்வரன் சம்மதித்தார். வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அடுத்து, எங்கே தங்குவது. ஜொகூர் பாருவில் பல் மருத்துவமனையில் வேலை செய்யும் மகள் தேன்மொழி கைப்பேசியைத் திறந்து உட்கார்ந்தாள். மலாக்காவில் மனிதர்களைவிடத் தங்கும் விடுதிகள் அதிகம் என்று தோன்றியது. கடலோரமாக ஒரு கோபுர ஓட்டல் இருந்தது, மேல்மாடியில் நீச்சல் குளத்தோடு. “அவ்ளோ உயரத்துல தண்ணிய எதுக்குத் தூக்கி வச்சிருக்காங்க, ஒழுகாதா?” என்று மகேஸ்வரன் அதைத் தள்ளினார். கிளேபாங் பக்கம் ஒரு முழு வீடு இருந்தது. கேஸ் அடுப்பு, சட்டி பானை, அம்மி முதற்கொண்டு எல்லாம் உண்டு என்று பெருமையாகப் படம் போட்டிருந்தார்கள். கஸ்தூரி அந்தப் படத்தைப் பார்த்த பார்வையில் கைப்பேசி தானாகவே அடுத்ததுக்குப் போனது.

அடுத்தது ஆற்றோரத்தில் ஒரு பழைய கடைவீடு. மர ஜன்னல்கள், செங்கல் தரை, ஒடுக்கமான படிக்கட்டு. தங்கிப் போனவர்கள் எழுதியதைத் தேன்மொழி வாசித்தாள்.

“படி ஏறினா கிரீச்சுனு சத்தம் வருதாம், பா. ஒருத்தர் ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டிருக்காரு.”

“நூறு வயசுப் படி. ஏறி மிதிச்சா பாட்டா பாடும்?” என்றார் கஸ்தூரி. “சமையக்கட்டு எங்க காட்டு.”

“இங்க சமையக்கட்டே இல்ல, மா. காலையில அவங்களே குடுத்துடுவாங்க.”

“இதான்” என்றார் கஸ்தூரி. ஒரு நகரத்தின் அத்தனை விடுதிகளையும் ஒரே கேள்வியில் பிரித்துப் பார்க்க முடியும் என்று மகேஸ்வரனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அவருக்குத் தூக்கம் போயிற்று. கடைத்தெருவில் அண்ணன் எதிரே வந்துவிட்டால்? ‘ஓட்டல்’ மகேஸ்வரன் என்ற பட்டத்தோடு எஞ்சிய காலத்தை எப்படிக் கழிப்பது? அண்ணன் அந்த வாரம் எங்கே இருப்பார் என்று நைசாகத் தெரிந்துகொள்ளத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணே, சும்மாதான் கூப்ட்டேன். பள்ளி லீவு வருதே… அந்த வாரக் கடைசியில வீட்டுலதானே இருப்பீங்க?”

மறுமுனையில் யாரோ குசுகுசுத்தார்கள். பிறகு அண்ணன் இருமினார்.

“அலமாக், அன்னிக்குப் பாத்து நாங்க ஈப்போ போறோம் லா, மகேஸ். செல்லத்தோட தம்பி வீட்டுல விசேஷம். நீங்க எங்கயாச்சும் கிளம்பறீங்களா?”

“நாங்களா? நாங்க எங்கண்ணே போறோம். மாசாய்லதான். வீட்டுக்குச் சாயம் அடிக்கணும்.”

தொலைபேசியை வைத்ததும் மகேஸ்வரன் கூடத்தில் ஒரு சுற்று வந்தார். சொந்தக்காரர் ஊரில் இல்லை என்றால் அந்த ஊரில் சொந்தக்காரரே இல்லை. சட்டம் மீறப்படவில்லை. அந்த இரண்டு நாளைக்கு மலாக்காவும் ஒரு குவாந்தான்தான்.

புறப்படும் அன்று காரின் பின்பக்கத்தில் கஸ்தூரி ஒரு மூட்டையைக் கண்டார். அவிழ்த்தால் ரைஸ் குக்கர்.

“ஒரு அவசரத்துக்கு” என்றார் மகேஸ்வரன்.

“அதை எடுத்துட்டு அது எடத்துல என்னை வச்சிட்டுப் போங்க.”

குக்கர் இறங்கியது. முறுக்கு டின் மட்டும் இறங்க மறுத்துவிட்டது. ராத்தங்கப் போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது மகேஸ்வரனின் கைக்குத் தெரியாது. அது ஓட்டலோ அரண்மனையோ, படி ஏறும்போது கையில் ஒரு டின் இருக்க வேண்டும். டின்னில் இருந்தது கஸ்தூரி சுட்ட முறுக்கு. மாவில் நெத்திலியை வறுத்துப் பொடித்துப் போட்டுப் பிசைந்தது. அப்படி முறுக்கு சுடுகிறவர் இந்தத் தீபகற்பத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. குடும்பத்தில் பாதிப் பேர் அதற்கு அடிமை. மீதிப் பேர் அது முறுக்கே இல்லை என்பவர்கள்.

விடுதியின் முகப்பில் லோஷினி என்ற பெண் சாவியோடு நின்றாள். மகேஸ்வரன் டின்னை நீட்டினார்.

“அங்கிள், இது என்ன?”

“முறுக்கும்மா. வீட்டுல எல்லாரும் சாப்பிடுங்க.”

“இங்க யாரும் இப்படிக் குடுத்ததில்ல, அங்கிள்.”

“பரவால்ல. அடுத்த தடவை குடுப்பாங்க” என்று ஆறுதல் சொன்னார்.

அன்று மாலை கஸ்தூரி மலாக்காவைப் பார்த்தார். டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடம் உண்மையிலேயே சிவப்பாக இருந்தது. போர்த்துகீசியர் கோட்டையில் மிஞ்சிய வாசலில் நின்று, “இவ்ளோதானா, கதவக் காணோம்?” என்று கேட்டார். பொம்மையும் விளக்கும் வைத்து அலங்கரித்த ரிக்ஷாவில் ஏறி, அது அலறிய பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு போனார். ஜோங்கர் தெருவில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் ஒன்று குடித்துவிட்டு, யோசித்து, இன்னொன்று குடித்தார். படகில் போகும்போது ஆற்றோரத்துச் சுவர் ஓவியங்களையெல்லாம் விட்டுவிட்டு, கரையிலிருந்த உணவுக் கடைகளின் பின்பக்கத்தையே பார்த்தார். அங்கே யாரோ மலை மலையாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கஸ்தூரி கையசைத்தார். பிறகு அறைக்கு வந்து, ஜன்னல் கட்டையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வெறுமனே உட்கார்ந்தார். மகேஸ்வரனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அவர் மனைவி வெறுமனே உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை பசியாறப் போனார்கள். கீழே, நடு முற்றத்தைச் சுற்றி மேசைகள். ஒரு மூலையில் வெள்ளைத் தொப்பி போட்ட மலாய்க்காரச் சமையல்காரர், முட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். மகேஸ்வரன் இடம் பிடித்து உட்கார, கஸ்தூரி தட்டோடு வரிசையில் நின்றார்.

“முட்டை எப்படி வேணும், காக்?” என்று சமையல்காரர் மலாயில், அக்கா முறை வைத்துக் கேட்டார்.

கஸ்தூரி முட்டைகளைப் பார்த்தார். எத்தனையோ பேரை அவர் இந்தக் கேள்வி கேட்டிருக்கிறார். சிங்கப்பூருக்குப் போன அத்தனை பேருக்கும் முட்டை எப்படி வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். அவரை யாரும் கேட்டதில்லை. தனக்கு எப்படிப் பிடிக்கும் என்பது அவருக்கே தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டது. மகேஸ்வரன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு எழுந்தவர், தனக்கும் அது தெரியாது என்று உணர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“எப்படிப் போட்டாலும் சரி” என்றார் கஸ்தூரி.

“அப்படிப் போட எனக்குத் தெரியாது, காக்” என்றார் சமையல்காரர் பணிவாக.

கஸ்தூரி கண்ணை மூடி யோசித்தார். “மஞ்சக்கரு உடையக் கூடாது. ஓரம் மட்டும் மொறுமொறுன்னு இருக்கணும். மேல மிளகுத்தூள். நிறைய.”

அந்த நேரத்தில்தான் மகேஸ்வரனின் கண் பக்கத்து மேசைக்குப் போனது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஒருவர், முதுகைக் காட்டி உட்கார்ந்து, கோப்பியைச் சாசரில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார். மூன்று ஊதல், ஓர் உறிஞ்சல். இப்படிக் கோப்பி குடிக்கும் ஒரே மனிதர் ஈப்போவில் அல்லவா இருக்க வேண்டும் என்று மகேஸ்வரன் நினைத்தார். அதற்குள் கோப்பிக் கலயத்தின் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், கையில் பாதி கடித்த முறுக்கோடு விரைந்து வந்தார். லோஷினி அந்த டின்னை எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கே திறந்து வைத்திருந்தாள்.

“ஏங்க, இது கஸ்தூரி கை முறுக்கு. நெத்திலி போட்டிருக்கு.”

“உனக்கு எங்க போனாலும் சொந்தக்காரங்க நெனப்பு. பேசாம உக்காரு” என்று சொல்லித் திரும்பிய கனகராஜ், தம்பியைப் பார்த்தார்.

“அண்ணே, ஈப்போ…” என்றார் மகேஸ்வரன்.

“நீ சாயம் அடிக்க…” என்றார் கனகராஜ்.

அவ்வளவுதான். முற்றத்துத் தொட்டியில் மீன்கள் வாயைத் திறந்து மூடின. இவர்களும்.

மூத்தவர் என்ற முறையில் அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். சட்டம் அவர் ரத்தத்திலும் ஊறியதுதானே. எழுந்து நின்று, விடுதியின் பெயர் தைத்த வெள்ளைச் செருப்போடு, குரலை உயர்த்தினார்.

“என்னடா மகேஸ் இது. இதே ஊருல வீடு இருக்க, ஓட்டல்ல தங்கற. நான் செத்தா போயிட்டேன்?”

மகேஸ்வரனின் தலை தானாகக் குனிந்தது. நாக்கு தானாகப் பேசியது. “தப்புதாண்ணே.”

“சாமானை எடு. வீட்டுக்குப் போவோம். பகல் சாப்பாட்டுக்குச் செல்லம் ஏதாச்சும் பண்ணிடுவா.”

சரிண்ணே என்று சொல்ல வாயெடுத்த மகேஸ்வரன், எதிரே கஸ்தூரி வருவதைக் கண்டார். இரண்டு கையாலும் தட்டை ஏந்தி, தளும்பும் நீரைக் கொண்டு வருவதுபோல வந்துகொண்டிருந்தார். தட்டில் அந்த முட்டை, மஞ்சள் உடையாமல், கறுக்க மிளகோடு. வந்தவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கணவரின் குனிந்த தலையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துபோயிற்று. தட்டை மேசையில் வைத்துவிட்டு, பழக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகப் போனார்.

அந்தக் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்ததும் மகேஸ்வரனுக்குள் ஏதோ அறுந்தது. தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சொந்தக்காரரிடம் அவர் முடியாது என்றார்.

“இல்லண்ணே. நாங்க வரல. கஸ்தூரி முட்டை சாப்பிடட்டும். சாயங்காலம் வரைக்கும் எங்களுக்கு அறை இருக்கு.”

கனகராஜ் அதிர்ந்து வாயைத் திறப்பதற்குள் செல்லம் உட்கார்ந்தார். அதுவும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பகல் சாப்பாடு யாரு பண்ணுவா?” என்று கணவரைக் கேட்டார். “நான் ஈப்போவுல இருக்கேன்.”

கனகராஜ் கண்ணாடியைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார். அதோடு அண்ணன் தோரணையும் கழன்று விழுந்தது.

“வேற எங்கடா போவேன்” என்றார் தாழ்ந்த குரலில். “பள்ளி லீவு விட்டா எங்க வீட்டு வாசல்ல பஸ் ஸ்டாண்டு மாதிரிக் கூட்டம். இவ ஓய்ஞ்சுபோயிட்டா. எங்கயாச்சும் கிளம்பலாம்னா, ஈப்போ போனா இவ தம்பி வீடு. பினாங்கு போனா என் தங்கச்சி வீடு. கோலாலம்பூர்ல மவன் வீடு, பேரன் நம்ம தலையில. எங்களுக்குத் தெரிஞ்ச ஊருல, சொந்தக்காரங்க வீட்டுல தங்க வேணாத ஒரே ஊரு இதுதான், மகேஸ். இங்க சொந்தக்காரனே நான்தானே.”

“பக்கத்து வீட்டுக்காரங்க?” என்று கேட்டார் மகேஸ்வரன், தொழில் அக்கறையோடு.

“அவங்களுக்கும் ஈப்போதான். காரை வீட்டுலயே விட்டுட்டு, வாடகைக் காருல பெட்டியோட வந்தோம். நேத்து பூரா அறைய விட்டே வெளிய வரல. இந்த ஊருல எனக்குத் தெரியாதவன் யாரு.”

செல்லம் கஸ்தூரியின் பக்கம் திரும்பினார். “நீ படகுல போனியா?”

“போனேன் அண்ணி.”

“எப்படி இருந்துச்சு? நான் போனதே இல்ல. வர்றவங்க எல்லாம் போவாங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள நான் சோறு வடிக்கணும்.”

கஸ்தூரி அண்ணியை ஒரு நிமிடம் பார்த்தார். தொட்டிக்கு அந்தப் பக்கத்தில் இத்தனை வருஷமும் இன்னொருத்தியும் நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. முட்டைத் தட்டை நடுவில் நகர்த்தினார்.

“பாதி எடுத்துக்குங்க அண்ணி. இல்ல, வேணாம். நீங்க போய் உங்களுக்கு எப்படி வேணும்னு சொல்லி வாங்கிக்குங்க. கேப்பாங்க.”

அன்று காலை இரு தரப்புக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மலாக்கா பல உடன்படிக்கைகளைக் கண்ட ஊர். இதைப்போல ஒழுங்காக மதிக்கப்பட்டது வேறு இருக்காது. கனகராஜ் தம்பதியர் ஈப்போவில் இருக்கிறார்கள். மகேஸ்வரன் தம்பதியர் மாசாயில் சாயம் அடிக்கிறார்கள். ஆகவே யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காத நால்வரும் சேர்ந்து படகில் போனார்கள். செல்லம் இரண்டு முறை போனார். இரண்டாவது முறை கடைகளின் பின்பக்கம் வந்தபோது கஸ்தூரி காட்ட, அவரும் கையசைத்தார்.

பிறகு நடக்கிற தூரத்திலிருந்த பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போனார்கள். பொய்க்காத பிள்ளையார் முன்னால் நிற்க ஆண்கள் இருவரும் கொஞ்சம் தயங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கனகராஜ் தூணோரமாக ஒதுங்கி, “ஈப்போன்னு சொன்னேனே தவிர, என்னிக்குத் திரும்பி வருவோம்னு சொல்லல” என்று யாரிடமோ முணுமுணுத்தார். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்ட குருக்கள், சாதாரணமாக, “எங்கேர்ந்து வர்றீங்க?” என்றும் கேட்டுவிட்டார். ஆண்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“ஓட்டல்லேர்ந்து வர்றோம், சாமி” என்றார் செல்லம், கணீரென்று. அந்தச் சன்னிதியில் அன்று சொல்லக்கூடிய ஒரே உண்மை அதுதான்.

மாசாய்க்குத் திரும்பிய பிறகு மகேஸ்வரன் உண்மையிலேயே வீட்டுக்குச் சாயம் அடித்தார். வாக்கு வாக்குதான். விருந்தாளிகள் வழக்கம்போல வந்தார்கள், சிங்கப்பூர் போனார்கள், கரடி பார்த்தார்கள். ஒரு மாற்றம்: அவர்களுக்கு முன்னால் எழுந்து இப்போது அவரே முட்டை போடுகிறார். எப்படி வேண்டும் என்று முதலில் கஸ்தூரியைக் கேட்கிறார். மஞ்சள் இன்னும் உடைந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த பள்ளி லீவுக்கு முன்னால் கனகராஜிடமிருந்து தொலைபேசி வந்தது.

“மகேஸ், நாங்க ஜொகூர் பாருவுக்கு வரலாம்னு இருக்கோம்.”

“வாங்கண்ணே, வாங்க. கூடத்துல மெத்தை போட்டு வைக்கறேன்.”

“உன் வீட்டுக்கு இல்லடா. ஜொகூர் பாருவுக்கு.”

இந்த முறை வித்தியாசம் மகேஸ்வரனுக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“அப்படின்னா பக்கத்து அறையும் காலியா இருக்கான்னு கேட்டு வைங்கண்ணே. அந்த வாரம் நாங்க குவாந்தான்ல இருப்போம்.”

“குவாந்தான்ல உனக்கு யாருடா இருக்கா?”

“அதான்ண்ணே.”

பின்னாலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. “முட்டை போட்டுக் குடுப்பாங்களான்னு கேக்கச் சொல்லுங்க.”